முப்பது என்றால் நாலரை

அல் பதாயர், ஷார்ஜா

2023 நவம்பர் 2, வியாழன்

காலை ஐந்தரைக்கு ஷெட்டைத் திறந்தேன். பதினெட்டு குவாட் பைக்குகளில் பன்னிரண்டு வழக்கம்போல் டயர் தொப்பை தள்ளி உட்கார்ந்திருந்தன. மீதி ஆறும் விறைத்துக்கொண்டு நின்றன. தூரத்தில் இருந்து பார்த்தபோதே வயிற்றைக் கலக்கியது.

ஊரில் இருந்து வந்து நாலு நாள்தான் ஆன பையன் பின்னாலேயே வந்து நின்றான். திசையன்விளைக்காரன். நாகர்கோவிலில் இரண்டு வருடம் கார் டயர் கடையில் இருந்தவன், கை சுத்தமான வேலைக்காரன்.

"அண்ணாச்சி, ராத்திரியே ஆறு வண்டிக்குக் காத்து அடிச்சிட்டேன். எல்லாமே எறங்கிக் கெடந்துச்சு."

"எவ்வளவு அடிச்ச?"

"முப்பது. ஸ்டிக்கர்ல 30-ன்னுதான போட்டிருக்கு?"

அவன் சொன்னது பொய்யில்லை. மட்கார்டு ஸ்டிக்கரில் 30 என்றுதான் இருக்கிறது. ஆனால் அது கிலோபாஸ்கல். அதற்குப் பக்கத்திலேயே 0.30 கிலோ என்றும் 4.4 பிஎஸ்ஐ என்றும் இருக்கும். மூன்று வருட வெயிலில் அந்த எழுத்தெல்லாம் வெளிறி, பெரிதாக அச்சடித்த 30 மட்டும் மிஞ்சிவிட்டது. சந்தேகம் வந்து டயரின் பக்கச்சுவரைப் பார்த்திருக்கிறான், அதில் 36 பிஎஸ்ஐ என்று இருக்கிறது. முப்பத்தாறுக்குள் முப்பது அடங்கும் என்று மனசு சமாதானமாகிவிட்டது. கார் டயரில் இரண்டு வருடம் முப்பதும் முப்பத்திரண்டும் அடித்த கைக்கு அது பழகிய எண்ணும்கூட.

பக்கச்சுவரில் உள்ள 36, வண்டி ஓட்டுவதற்கான அளவு இல்லை. டயரை ரிம்மில் புதிதாக ஏற்றும்போது அதன் விளிம்பு, அதாவது பீடு, போய் உட்காருவதற்காகக் கொஞ்ச நேரம் அடிக்கும் காற்றுக்கு அதுதான் உச்ச வரம்பு. அதைத் தாண்டினால் டயர் வெடிக்கும் என்ற எச்சரிக்கை. உட்கார்ந்ததும் இறக்கிவிட வேண்டும்.

வாயால் சொன்னால் போதாது என்று, மணலை வாரியால் சமமாக இழுத்துவிட்டு இரண்டு வண்டிகளைத் தள்ளிக் காட்டினேன். நாலரையில் இருந்த வண்டியின் தடம் டயர் அகலம் முழுக்கப் பாய் விரித்த மாதிரி விழுந்தது. முப்பதில் இருந்தது நடுவில் ஒரு ஒடுங்கிய கோட்டை மட்டும் ஆழமாகக் கீறிக்கொண்டு போனது. பையன் குனிந்து இரண்டையும் விரலால் தொட்டுப் பார்த்தான்.

பிறகு கணக்கும் போட்டோம். வண்டி 270 கிலோ, ஓட்டுகிறவர் 80 கிலோ என்றால் ஒரு சக்கரத்தின் மேல் ஏறத்தாழ 88 கிலோ. 4.4 பிஎஸ்ஐயில் அந்தப் பாரத்தைத் தாங்க டயர் 280 சதுர சென்டிமீட்டருக்கு மேல் தரையைத் தொட வேண்டும், கிட்டத்தட்ட பதினேழுக்குப் பதினேழு சென்டிமீட்டர். முப்பது பிஎஸ்ஐயில் 41 சதுர சென்டிமீட்டர் போதும், உள்ளங்கை அளவுகூட வராது. டயரின் சுவரும் கொஞ்சம் பாரம் தாங்கும் என்பதால் கணக்கு அச்சுப் பிசகாமல் இருக்காது. ஆனாலும் ஒட்டகப் பாதத்துக்கும் ஆட்டுக் குளம்புக்கும் உள்ள வித்தியாசம் அதில் தெரிந்துவிடும்.

ஆறு வண்டியிலும் காற்றை இறக்கினோம். அவனைத் திட்டவில்லை. ஸ்டிக்கர் வெளிறியதைத் தினமும் பார்த்துக்கொண்டு இருந்தவன் நான்தான்.

நவம்பர் 3, வெள்ளி

இறக்கியது சரியாக இறங்கியதா என்று பார்க்கப்போய் இன்னொரு சங்கதி அம்பலமானது. ஷெட்டில் மூன்று கேஜ் இருக்கிறது. ஒரே டயரில் மூன்றையும் வைத்துப் பார்த்தேன். ஒன்று 4 காட்டியது, ஒன்று ஆறரை, கம்ப்ரசர் துப்பாக்கியோடு சேர்ந்தது 8.

கம்ப்ரசர் கேஜின் முள் நூறு வரைக்கும் போகும். அப்படிப்பட்ட கேஜில் மொத்த அளவில் மூன்று சதவீதம் முன்னே பின்னே இருப்பது சாதாரணம், அதாவது 3 பிஎஸ்ஐ. முப்பத்தைந்து அடிக்கிற காரில் அந்த மூன்று பெரிதாகத் தெரியாது. நாலரையில் நிற்கிற டயருக்கு அது பாதி உயிர். அதோடு முள் கேஜ்கள் அளவின் நடுப்பகுதியில்தான் ஒழுங்காகச் சொல்லும், அடிப்பகுதியில் சோம்பி நிற்கும். விறகுக் கடைத் தராசில் தங்கம் நிறுத்த மாதிரிதான் இத்தனை நாளும் வேலை பார்த்திருக்கிறோம்.

கணக்குப் பார்க்கும் மலையாளி சேட்டனிடம் சொல்லி, 0 முதல் 15 வரை மட்டும் உள்ள கேஜ் இரண்டு வாங்கி வரச் சொன்னேன். "ஒன்று போதாதா?" என்றார். ஒன்று பொய் சொன்னால் தெரிவதற்கு இன்னொன்று வேண்டும் என்றேன். சாயங்காலமே வாங்கி வந்துவிட்டார். இரண்டும் ஒரே டயரில் 4.2 காட்டின.

நவம்பர் 6, திங்கள்

கூட்டம் இல்லாத நாள். ஒரே வண்டியை நாள் முழுக்கப் பின்தொடர்ந்தேன்.

காலை ஆறு மணி, நிழல், 20 டிகிரி. நாலு சக்கரமும் 4.4. மதியம் ஒன்றரைக்கு, இரண்டு சவாரி போய்வந்து வெயிலில் நின்ற பிறகு டயரின் மேல் சூடு பார்த்தால் 50 டிகிரி. காற்று 6. யாரும் பம்பைத் தொடவில்லை.

பையன் நம்பவில்லை. "காருக்கும் சூட்டுல ஏறும், அண்ணாச்சி. அம்புட்டு ஏறாதே?"

ஏறும். ஆனால் கேஜ் காட்டுவது முழுக்கணக்கு இல்லை. பாத்திரத்தின் எடையைக் கழித்துவிட்டுக் காட்டும் தராசு மாதிரி, வெளிக்காற்றின் 14.7 பிஎஸ்ஐயைக் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் காட்டும். குவாட் டயருக்குள் உண்மையில் இருப்பது 14.7-உம் 4.4-உம் சேர்ந்து 19.1. முப்பது டிகிரி சூடு ஏறினால் உள்ளே இருக்கும் மொத்தமும் நூற்றுக்குப் பத்து வீதம் கூடும், 21 ஆகும். அதில் 14.7 போனால் கேஜில் 6.4. டயர் கொஞ்சம் உப்பி இடம் கொடுத்ததால் எனக்கு 6 வந்தது. காரில் 35 அடித்திருந்தால் அதே சூட்டில் 40 ஆகும். அங்கேயும் ஏற்றம்தான், ஆனால் ஏழில் ஒரு பங்கு. இங்கே கிட்டத்தட்டப் பாதி! குறைந்த காற்றில் ஓடுகிற டயருக்கு வெயில் அவ்வளவு பெரிய எதிரி.

அதனால் இனிமேல் அளப்பது விடியற்காலையில், வண்டி அசைவதற்கு முன்னால், நிழலில். மற்ற நேரத்தில் அளந்ததை நோட்டில் எழுதலாம். அதை வைத்துக் காற்றை ஏற்றவோ இறக்கவோ கூடாது என்று பையனிடம் சொன்னேன்.

நவம்பர் 8, புதன்

மணல் என்ன சொல்கிறது என்று இன்றைக்குக் கேட்டுப் பார்த்தேன். பிக் ரெட் மேட்டின் பக்கத்தில் அதைவிடச் சிறிய, அடியில் கெட்டியாகவும் மேலே போகப்போகப் பொதபொதப்பாகவும் உள்ள ஒரு சரிவு இருக்கிறது. ஒரே வண்டி, ஓட்டுவது நான் ஒருவன், ஒரே கியர், ஒரே இடத்தில் இருந்து புறப்பாடு. மாறுவது காற்று மட்டும்.

எட்டில் ஏறியபோது மூன்றில் ஒரு பங்கு உயரத்திலேயே பின்சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. சுற்றுகிற சக்கரம் மணலில் கிணறு வெட்டும். ஆக்ஸில் வரை இறங்கி, கையால் தோண்டி எடுத்தோம். ஆறில் பாதிக்கு மேல் போய் நின்றது. 4.4-இல் கடைசிப் பத்தடியில் திணறி ஏறிவிட்டது. 3.8-இல் அந்தத் திணறலும் இல்லை, இன்ஜின் சத்தம்கூட மாறவில்லை.

மூன்றுக்கு இறக்கிப் பார்க்காமல் இருக்க மனசு கேட்கவில்லை. ஏறும்போது சுகம்தான். உச்சியில் இருந்து சரிவுக்குக் குறுக்கே திரும்பியபோதுதான் தெரிந்தது. ஹேண்டில் கனத்தது. கீழ்ப்பக்கத்துச் சக்கரம் ரிம்முக்கு அடியில் மடங்கி நெளிவது இருக்கையில் தெரிந்தது. டயரை ரிம்மோடு பிடித்து வைத்திருப்பது உள்ளே இருக்கும் காற்று ஒன்றுதான், வேறு போல்ட்டு கிடையாது. பந்தயக்காரர்கள் பீடைக் கவ்விப் பிடிக்கும் தனி ரிம் போட்டுக்கொண்டு அதைவிடக் கீழே இறங்குவார்கள். நம் வண்டிகளில் அது இல்லை. மெதுவாக நேராக இறங்கி வந்துவிட்டேன்.

கம்பெனிக் கையேட்டில் குறைந்தது 3.8, கூடியது 5.0 என்று இருக்கிறது. பத்து வருடமாக இந்த இடைவெளியை நான் யாரோ அலுவலகத்தில் உட்கார்ந்து எழுதியது என்றே நினைத்திருந்தேன். இன்று மணலும் அதையேதான் சொன்னது.

இன்னொன்று. மேடுகளுக்கு நடுவில் கூழாங்கல் பரவிய தட்டை நிலங்கள் இருக்கின்றன. மணலுக்கு என்று மிகவும் இறக்கிவிட்டு அதில் வேகமாகப் போனால் கல் நேராக ரிம்மில் மோதும். மணல் மட்டுமே உள்ள இடத்துக்கு ஒரு அளவு, கல்லும் மணலும் கலந்த நம் பாதைக்கு ஒரு அளவு. விடியலில் 4.2 என்று முடிவு செய்தேன், நாலு சக்கரத்துக்கும். தொண்ணூறு கிலோவுக்கு மேல் உள்ளவர்களுக்கு 4.8-இல் நாலு வண்டி தனியாக நிற்கும்.

சாயங்காலம் டேப் வைத்துச் சுற்றளவும் எடுத்தோம். பின்சக்கரம் 24×10-11. இருபத்துநாலு அங்குல உயரம் என்றால் சுற்றளவு 191 சென்டிமீட்டர் வர வேண்டும். ஒன்பதாம் நம்பர் வண்டியில் இடது 188, வலது 191, காற்று இரண்டிலும் ஒன்றுதான். ஒரு பக்கம் பழைய டயர், ஒரு பக்கம் புதிது. பின்ஆக்ஸில் ஒரே தண்டு, இரண்டு சக்கரமும் சேர்ந்தே சுற்றியாக வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் வலது பக்கம் மூன்று சென்டிமீட்டர் முந்தும், வண்டி இடது பக்கமே இழுக்கும். அந்த வண்டி இழுக்கிறது என்று போன சீசனில் எத்தனை பேர் சொன்னார்கள்! ஹேண்டிலைத்தான் திரும்பத் திரும்ப நிமிர்த்திக்கொண்டிருந்தேன். இரண்டு டயரையும் ஜோடியாக மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தாயிற்று.

நவம்பர் 12, ஞாயிறு. தீபாவளி

எழுதக் கை வரவில்லை. ஆனால் இதைத்தான் எழுத வேண்டும்.

ரோலா பக்கம் இருந்து நாலு தமிழ்க் குடும்பங்கள், விடியற்காலையிலேயே எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, ஆறரைக்கெல்லாம் வந்து இறங்கின. பிள்ளைகள் கையில் அதிரச டப்பா. எங்களுக்கும் கொடுத்தார்கள். கூட்டம் அதிகம், வெயிலுக்கு முன் போகலாம் என்று அவசரம். நோட்டில் பதினொரு வண்டிதான் அளந்து எழுதியிருந்தது. மீதி ஏழும் கண்ணுக்குச் சரியாகத்தான் இருந்தன, நான் தலையை ஆட்டிவிட்டேன்.

இருபது நிமிடத்தில் வாக்கி-டாக்கியில் குரல் வந்தது. பதினான்காம் நம்பர். சரிவில் குறுக்கே திரும்பும்போது கீழ்ப்பக்கத்துப் பின்டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிட்டது. வண்டி மெதுவாகத்தான் சாய்ந்திருக்கிறது, ஓட்டிய பையன் கையை ஊன்றி விழுந்திருக்கிறான். ஹெல்மெட் இருந்ததால் தலைக்கு ஒன்றும் இல்லை. மணிக்கட்டு வீங்கிவிட்டது. கிளினிக்கில் படம் எடுத்தார்கள், எலும்பு முறியவில்லை, சுளுக்குதான். கட்டுப் போட்டு அனுப்பினார்கள்.

அவனுடைய அம்மா என்னைத் திட்டவில்லை. "நல்ல நாளும் அதுவுமா, வண்டியை ஒரு தடவை பாத்துக் குடுத்திருக்கலாமே தம்பி" என்றார். அதற்கு என்ன பதில் இருக்கிறது? பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிட்டு, அவர்கள் கார் ஏறும்வரை கூடவே நின்றேன்.

திரும்பி வந்து அளந்தேன். அந்த வண்டியின் மற்ற மூன்று சக்கரமும் 2.6, 2.5, 2.6. ஓட்டை எதுவும் இல்லை. சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தும் ஒரு குமிழி வரவில்லை. அப்படியென்றால் காற்று எங்கே போயிற்று?

வழிகாட்டியாகப் போகும் பெஷாவர்க்காரர் தானாக வந்து சொன்னார். நேற்று மதியம் இரண்டு மணிச் சவாரிக்கு வண்டிகள் துள்ளுகின்றன, ஏறவும் மாட்டேன் என்கின்றன என்று வந்தவர்கள் குறைப்பட்டிருக்கிறார்கள். அவர் புதுக் கேஜை எடுத்து அளந்து, ஆறு ஆறரை இருந்ததை 4.4-க்கு இறக்கியிருக்கிறார், ஐந்து வண்டியில். "உஸ்தாத், உங்கள் எண்ணுக்குத்தானே வைத்தேன்" என்றார். அவர் முகம் வெளுத்திருந்தது.

4.2 என்று மாற்றுவதற்கு முன் இருந்த என் எண்தான். ஆனால் 50 டிகிரியில் 4.4. ராத்திரி குளிர்ந்து 20-க்கு வந்ததும் அதே காற்று 2.6 ஆகிவிட்டது. கணக்குப் போட்டால் புள்ளி பிசகாமல் அதுதான் வருகிறது. திங்கட்கிழமை இந்தக் கணக்கைப் பையனுக்குச் சொன்னேன், அவருக்குச் சொல்லவில்லை. அவர் இருபது வருடமாக மணலில் ஓட்டுகிறவர், அவருக்கு நான் என்ன சொல்வது என்று விட்டுவிட்டேன்.

நவம்பர் 13, திங்கள்

கழன்ற டயரை ஏற்றினோம். ரிம்முக்கும் பீடுக்கும் நடுவில் மணல் புகுந்திருந்தால் எத்தனை காற்று அடித்தாலும் கசியும். பிரஷ் போட்டுக் கழுவி, துணியால் துடைத்து, சோப்புத் தண்ணீர் தடவி, டயரின் நடுவில் பெல்ட் கட்டி இறுக்கி, வால்வு முள்ளைக் கழற்றிவிட்டுக் காற்றை வேகமாக அடித்தோம். இரண்டு தடவை டப் டப் என்று சத்தம் வந்தது. அதுதான் இரண்டு பக்கமும் உட்கார்ந்ததற்கு அடையாளம். அந்த நேரத்தில் டயரின் பக்கச்சுவருக்கு நேராக நிற்கக் கூடாது, தள்ளி நின்று நீளக் குழாயில்தான் அடிக்க வேண்டும். பையனை இரண்டு தடவை கையைப் பிடித்து இழுத்து நகர்த்தினேன். பிறகு முள்ளைப் போட்டு 4.2.

மதியச் சவாரிக்கு என்ன செய்வது என்று மூன்று பேரும் உட்கார்ந்து பேசினோம். பெஷாவர்க்காரர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆறில் வண்டி மேடு ஏறாது, எட்டாம் தேதி நானே பார்த்தேன். மதியம் இறக்கினால் ராத்திரி மறுபடி ஏற்ற வேண்டும். ஒரு நாள் மறந்தால் மறுநாள் ஒரு மணிக்கட்டு. அதனால் பதினொன்றில் இருந்து மூன்று வரை உயர மேடுகளுக்குப் போவதில்லை, தாழ்ந்த பாதை மட்டும். மற்ற நேரத்தில் வண்டிகள் வெயிலில் நிற்காமல் இருக்க வலைப்பந்தல் கேட்டிருக்கிறேன். சேட்டன் முதலாளியிடம் பேசுவதாகச் சொன்னார்.

வால்வு மூடி இல்லாத சக்கரம் ஒன்பது இருந்தது. மூடி இல்லை என்றால் மணல் முள்ளில் போய் உட்கார்ந்துகொள்ளும், கேஜ் வைத்து எடுத்ததும் லேசாகக் கசிய ஆரம்பிக்கும். எல்லாவற்றுக்கும் மூடி போட்டாயிற்று.

நவம்பர் 14, செவ்வாய்

ராத்திரி அப்பாவோடு பேசினேன். தீபாவளியன்று பேச முடியவில்லை. நடந்ததைச் சொன்னேன். அவர் பனை ஏறிய காலத்தில் குதிரைமொழித் தேரியில் கருப்பட்டியைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தவர். அங்கேயும் இதே சிவப்பு மணல்தான், மணல்மணிகளின் மேல் இரும்புத் துரு படிந்த சிவப்பு. தேரி மணலில் மாமாவின் டிராக்டர் தண்ணீர் டேங்கோடு புதைந்துபோய், டிரைவர் பின்டயரில் காற்றைப் பிடுங்கிவிட்டு வெளியே எடுத்ததை நான் பன்னிரண்டு வயதில் பார்த்திருக்கிறேன். அப்பாவுக்கு ஞாபகம் இருக்கிறது. "எடுத்தான், சரி. ஊருக்குள்ள வந்ததும் மொத வேலையா மறுபடி அடிச்சானே, அத பாத்தியா நீ?" என்று கேட்டார். நான் பார்க்கவில்லை.

தூக்கம் வராமல் பழைய கதைகளைப் படித்துக்கொண்டிருந்தேன். எகிப்தில் வேலை பார்த்த பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர் ரால்ஃப் பாக்னால்ட், 1920-களின் கடைசியிலும் 30-களிலும் லிபியப் பாலைவனத்துக்குள் ஃபோர்டு கார்களில் போனவர். டயரில் காற்றைக் குறைத்து மணலைக் கடப்பது அவர் கூட்டத்தின் தந்திரங்களில் ஒன்று. மணல் மேடுகள் எப்படி உண்டாகின்றன என்பது பற்றி 1941-இல் அவர் எழுதிய புத்தகத்தை இன்றும் படிக்கிறார்கள்.

நம் குவாட்டின் மூதாதை ஹோண்டா 1970-இல் கொண்டுவந்த மூன்று சக்கர வண்டி, யுஎஸ்90. ஒசாமு டகேயுச்சி என்ற பொறியாளர் வடிவமைத்தது. அதில் ஸ்பிரிங்கே கிடையாது. குறைந்த காற்று அடைத்த உருண்டைப் பலூன் டயர்தான் ஸ்பிரிங், அதுதான் மணலிலும் பனியிலும் மிதக்க வைப்பது. அந்த வண்டியில் காற்றைக் கூட்டினால் ஸ்பிரிங்கையே கழற்றிப் போட்ட மாதிரி. 1982-இல் சுசுகி நாலு சக்கரத்தைக் கொண்டுவந்தது. மூன்று சக்கர வண்டிகள் கவிழ்ந்து பிள்ளைகள் பலர் இறந்ததால் 1988-இல் அமெரிக்காவில் அவற்றின் விற்பனையே நின்றுபோனது. இன்று ஸ்பிரிங்கும் ஷாக்கும் வந்துவிட்டாலும் டயரின் வேலை முழுதாகக் கைமாறவில்லை. பாதித் துள்ளலை இன்னும் அதுதான் வாங்கிக்கொள்கிறது.

நவம்பர் 17, வெள்ளி

விடியற்காலையில் இருந்து இடியும் மழையும். துபாயிலும் ஷார்ஜாவிலும் தெருவெல்லாம் தண்ணீர் என்று போனில் படங்கள். சவாரி ஒன்றும் இல்லை.

மழை விட்ட பிறகு பெஷாவர்க்காரரும் நானும் மட்டும் மேட்டுக்குப் போனோம். நனைந்த மணல் வேறு மனிதர் மாதிரி. எட்டாம் தேதி என்னை விழுங்கிய இடத்தில் வண்டி தார் ரோட்டில் போவது போல் போயிற்று. 5.0 வைத்தும் ஏறியது, ஹேண்டிலும் லேசாக இருந்தது. ஆனால் ஈரம் மேலே ஒரு சாண்தான். வெயில் வந்து அரைமணி நேரத்தில் உச்சி மட்டும் உலர்ந்து, அங்கே மட்டும் சக்கரம் திடீரென்று இறங்கியது. "இந்த மணல்தான் ஆளை ஏமாற்றும்" என்றார். நாளைக்கும் 4.2-தான்.

நவம்பர் 19, ஞாயிறு

சொந்தக் காரில் மணலில் ஏறி விளையாட வந்த ஒரு குடும்பம். பெரிய ஃபோர் வீலர். மணலுக்குள் போகும்முன் 35-இல் இருந்து 15-க்கு இறக்கியிருக்கிறார்கள், அது சரிதான். சாயங்காலம் அப்படியே ஹத்தா ரோட்டில் ஏறப் போனார்கள், பின்சீட்டில் மூன்று பிள்ளைகள். என் அப்பா போனில் கேட்ட கேள்விதான் ஞாபகம் வந்தது. ஓடிப்போய் ஜன்னலைத் தட்டினேன். அந்தக் காற்றில் நூறில் ஓட்டினால் டயரின் சுவர் ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி நிமிர்ந்து, உள்ளே சூடு கட்டி, துணியும் ரப்பரும் பிரிந்துவிடும். "பெட்ரோல் பங்க் வரைக்கும்தானே, மெல்லப் போயிடுவோம்" என்றார் ஓட்டியவர். கம்ப்ரசரை இழுத்துவந்து நாலு டயருக்கும் அடித்துவிட்டுத்தான் விட்டேன். பத்து நிமிடம் ஆயிற்று. அவருக்குக் கோபம், பரவாயில்லை.

நவம்பர் 25, சனி

வலைப்பந்தல் போட்டாயிற்று. மதியம் அதன் கீழ் நின்ற வண்டிகளில் 5.2-க்கு மேல் ஏறவில்லை. வெயிலில் நின்ற ஒன்றில் 6.

ஒன்பதாம் நம்பருக்கு இரண்டு பின்டயரும் புதிதாக வந்தன. சுற்றளவு 191, 191. ஹேண்டிலைத் தொடாமலேயே நேராகப் போகிறது.

வெளிறிய ஸ்டிக்கருக்கு மேல் புதிதாக ஒட்டினோம். தமிழ், மலையாளம், உருது, ஆங்கிலம். கிலோபாஸ்கல் வேண்டாம் என்று விட்டுவிட்டோம். எண்ணுக்கு மேல் "விடியலில், நிழலில்" என்று பையன் தன் கையாலேயே எழுதினான். ஒரு கேஜ் இப்போது அவன் சட்டைப் பையில், இன்னொன்று பெஷாவர்க்காரரிடம்.

அடிபட்ட பையனின் அம்மாவுக்கு நேற்று போன் செய்தேன். கட்டுப் பிரித்தாயிற்றாம், வேலைக்குப் போகிறானாம். டிசம்பர் 2, தேசிய தின விடுமுறைக்கு மறுபடியும் வருவோம் என்றார். அன்றைக்கு எந்த வண்டி என்று நானே எடுத்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.

இன்று காலை ஐந்து ஐம்பது, 19 டிகிரி. பதினெட்டு வண்டி, எழுபத்திரண்டு சக்கரம். ஐம்பத்தாறு 4.2-இல், பதினாறு 4.8-இல். ஒன்றிலும் மூடி குறையவில்லை.